ஏக்கருக்கு எத்தனை அடி?

பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். எந்தப் பெரிய எண்ணைப் பார்த்தாலும் அதை எதனாலாவது வகுத்துப் பார்க்கிற பழக்கம் இன்னும் விடவில்லை. மழைக்காலம் வந்தால் எங்கள் விழுப்புரம் மாவட்டச் செய்தித்தாள்களில் தினமும் ஓர் எண் வரும். சாத்தனூர் அணையின் முழு உயரம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி, இன்றைய இருப்பு இவ்வளவு, வரத்து இவ்வளவு, திறப்பு இவ்வளவு. 'பரவாயில்லையே, நிறைய இருக்கிறதே' என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

வகுத்துப் பார்ப்போம். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஒரு மில்லியன் கன அடித் தண்ணீரை ஓரடி உயரத்துக்கு நிறுத்தினால் ஏறத்தாழ 23 ஏக்கர் நிற்கும். அணையின் இடதுபுற, வலதுபுறக் கால்வாய்களை நம்பி 45,000 ஏக்கர் இருக்கிறது. ஆற்றிலேயே இறங்கி வந்து திருக்கோவிலூர் அணைக்கட்டில் திரும்புகிற பழைய ஆயக்கட்டு 5,000 ஏக்கர். மொத்தம் 50,000. நிரம்பித் தளும்புகிற அணையை ஒரு சொட்டுக்கூட வீணாக்காமல் இந்த ஐம்பதாயிரத்துக்கும் பிரித்துக் கொடுத்தால் ஏக்கருக்கு மூன்றடி நான்கு அங்குலம் வரும். தண்ணீர் கட்டி நிறுத்துகிற நெல்லுக்கு, நாற்றங்கால் தொடங்கி அறுப்பு வரை, ஏறத்தாழ நான்கடி வேண்டும்.

ஆக, முழு அணையே ஒரு போக நெல்லுக்குக் காணாது. மழையும் கிணறும் சேர்ந்து கைகொடுத்தால்தான் கதை ஓடும். பாதி அணை என்றால் ஒன்றே முக்கால் அடிக்கும் கீழே. அதில் குடிநீருக்கு எடுத்துவைக்க வேண்டும். வெயில் ஒரு பங்கு குடிக்கும், கால்வாய் மண் ஒரு பங்கு குடிக்கும். வயலுக்கு ஓரடி வந்து சேர்ந்தால் பெரிது. அந்த ஓரடியை நம்பித்தான் நம்மவர்கள் நெல் நடவுக்கு ஆள் கூப்பிடுகிறார்கள். ஓரடித் தண்ணீரில் உளுந்து விளையும். மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்கு ஏறத்தாழ இரண்டடி. கரும்புக்கு ஆறடிக்கு மேல், அந்தப் பேச்சே வேண்டாம்.

பற்றாக்குறை ஆண்டில் அணைத் தண்ணீரை யாருக்கு எவ்வளவு என்று பங்கு போடுவது பற்றிப் பேச்சு எழுந்தால், விவசாயி ஒரு பக்கம், மின்சாரக்காரர் ஒரு பக்கம், சுற்றுலாக்காரர் ஒரு பக்கம் நின்று கயிறு இழுப்பதுபோல் ஒரு படம் வந்துவிடுகிறது. சாத்தனூரைப் பொறுத்தவரை அந்தப் படம் பாதிதான் உண்மை. கயிற்றின் இரண்டு முனையிலும் இருப்பது பெரும்பாலும் நாங்கள்தான், ஆயக்கட்டுக்காரர்கள். யாருக்கு எத்தனை அடி என்பது மதகு திறக்கிற நாள் வரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு வருத்தமெல்லாம் அதில்தான்.

முதலில் மின்சாரத்தைப் பார்த்துவிடலாம். சாத்தனூர் அணை 1958-இல், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, தென்பெண்ணையின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டியது. மின்நிலையம் வெகுநாள் கழித்து, 1999-இல்தான் வந்தது. திறன் 7.5 மெகாவாட். நாள் முழுக்க நிற்காமல் ஓடினால் 1,80,000 யூனிட். தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. 7.5-ஐ அதனால் வகுத்தால் பத்தாயிரத்தில் நான்கு பங்குகூட வராது. நான் மின்சாரத்துக்கு எதிரி இல்லை. எங்கள் வீட்டு மோட்டாரே மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று காத்துக்கிடப்பதுதான். ஆனால் இந்த அளவுள்ள ஒரு நிலையத்துக்காகப் பற்றாக்குறை ஆண்டில் தனியாக ஒரு நாள் தண்ணீர் விடுவதற்கும் நியாயமில்லை, வயலுக்குப் போகவேண்டிய தண்ணீரைப் பிடித்து வைப்பதற்கும் நியாயமில்லை. பாசனத்துக்கு இறங்குகிற தண்ணீர் சுழலியைச் சுற்றிவிட்டுப் போகட்டும். மேட்டூரில் அப்படித்தான். டெல்டாவுக்கு என்று திறக்கிற தண்ணீர்தான் போகிற வழியில் மின்சாரம் தருகிறது.

விவரம் தெரிந்த ஒருவர் இதற்கு மறுப்புச் சொல்லலாம். நீர்மின்சாரத்தின் அருமை அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. சூரியத் தகடு உறங்கப்போன பிறகு மாலை ஆறிலிருந்து இரவு பத்து வரை கைகொடுப்பது அதுதான், ஆகவே தண்ணீரை மாலையில் மட்டும் விடலாமே என்பார். சரியான பேச்சுத்தான், கால்வாயைப் பார்க்காதவரை. மண் கால்வாயில் தண்ணீரை விட்டு விட்டு விட்டால் முதல் சில மைலை நனைப்பதோடு முடிந்துபோகும். கடைமடைக்குத் தண்ணீர் போவதற்கே இடைவிடாத ஓட்டம் வேண்டும். போதாததற்கு, ஏறி இறங்கும் தண்ணீர் கரையைச் சரிக்கும். ஆளில்லாத இரவில் தலைமடைக்காரர் மடையைத் திறந்துவிட்டுக்கொள்வார். நாலு மணி நேர மின்சாரத்துக்காகக் கடைமடைக்காரரின் முழுப் போகமும் போகும்.

மின்சாரமா வயலா என்ற சண்டை நிஜமாகவே நடந்த இடம் பக்கத்தில் இருக்கிறது. 2023-இல் இலங்கையில் உடவளவைப் பாசனத்தில் சிறுபோகப் பயிர் காய்ந்தது. மேலே சமனலவெவ நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இருந்தது. விவசாயிகள் அதைத் திறக்கச் சொல்லிப் போராடினார்கள். இலங்கை மின்சார சபையோ, அந்தத் தண்ணீர் போய்விட்டால் தென்மாகாணத்தில் மின்வெட்டு வரும் என்றது. இரு தரப்புக்கும் இரண்டு அமைச்சர்கள் பரிந்து பேசினார்கள். ஆகஸ்டில் அமைச்சரவை கூடித் திறக்க முடிவெடுத்தபோது பயிரில் ஒரு பகுதி கருகிவிட்டிருந்தது. சமனலவெவ 120 மெகாவாட். ஒரு சிறிய நாட்டின் தென்பகுதிக்கு அது பெரிய விஷயம், அங்கே இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருந்தது. அந்த நியாயங்களை நாற்று நடுவதற்கு முன்பே மேசையில் வைத்துப் பேசாததுதான் கேடு. 7.5 மெகாவாட்டை வைத்துக்கொண்டு நாம் அந்தச் சண்டையை இறக்குமதி செய்யவேண்டிய அவசியம் இல்லை.

அமெரிக்காவில் வேறு மாதிரி. கொலராடோ ஆற்றில் கிளென் கேன்யன் அணைக்குப் பின்னால் உள்ள பவல் ஏரி 2022-இல் இறங்கிக்கொண்டே போனது. மின்சாரம் எடுக்க முடியாத மட்டத்துக்குப் போய்விடுமோ என்ற பயத்தில், கீழே விடவேண்டிய தண்ணீரில் 4,80,000 ஏக்கர்-அடியை அரசாங்கமே நிறுத்தி வைத்தது. நம் சாத்தனூர் மூன்று முறை நிரம்புகிற அளவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதே ஏரியில் படகுகளை இறக்கும் சரிவுகளில் பெரும்பாலானவை தண்ணீரை எட்டாமல் அந்தரத்தில் நின்றன. கவனிக்க வேண்டியது, அங்கே அவர்கள் கணக்கை 'ஏக்கர்-அடி' என்று சொல்வதுதான். ஒரு ஏக்கரில் ஓரடித் தண்ணீர். விவசாயிக்குச் சட்டென்று புரிகிற அளவு அது. நாமோ மில்லியன் கன அடி என்று சொல்லிவிட்டு, அவர் தலையைச் சொறிவதை வேடிக்கை பார்க்கிறோம்.

சுற்றுலாவுக்கு வருகிறேன். சாத்தனூர் அணை என்றால் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாசனம் நினைவுக்கு வராது, முதலைப் பண்ணைதான் வரும். பள்ளிச் சுற்றுலாவுக்கு எத்தனையோ தடவை கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். பூங்கா, சிலைகள், நீச்சல் குளம், வாசலில் சுடச்சுட வறுத்துப் போடும் மீன். காணும் பொங்கலன்று கால் வைக்க இடமிருக்காது. இந்தப் பூங்காவுக்குத் தண்ணீரை வீணாக்குகிறார்கள் என்று வறட்சிக் காலத்தில் சிலர் கோபப்படுவதைக் கேட்டிருக்கிறேன். கோபம் நியாயமாகத் தோன்றும், கணக்கு ஒத்துவராது. ஒரு மில்லியன் கன அடி என்பது 2 கோடியே 83 லட்சம் லிட்டர். பத்து லட்சம் லிட்டர் பிடிக்கும் ஒரு பெரிய நீச்சல் குளத்தை அதைக் கொண்டு 28 முறை நிரப்பலாம். அணையின் கணக்கில் பூங்கா குடிப்பது கண்ணுக்கே தெரியாது.

சுற்றுலாவுக்கு வேண்டியது மட்டம். நிறைந்த அணையைப் பார்க்கத்தான் கூட்டம் வரும், சேறு தெரிகிற அணையைப் பார்க்க வராது. அதனால் அணைக்கட்டு ஓரத்தில் கடை போட்டிருப்பவர்களின் மனம் 'தண்ணீர் நிற்கட்டும்' என்றுதான் சொல்லும். அதைக் குறை சொல்லமாட்டேன், வறுக்கிற மீனில் பிள்ளை படிக்கிறது. அணைக்குள் மீன்வளம் தமிழ்நாடு மீன் வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பு. குஞ்சு விட்டு, வளர்த்து, பிடிக்கிறார்கள். தண்ணீர் ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் மீனும் போகும், அதை நம்பியவர்களும் போவார்கள். ஆகவே கோடைக்கடைசியில் அணையைச் சுரண்டி எடுத்துவிடக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். திருவண்ணாமலை நகரமே இந்த அணைத் தண்ணீரைத்தான் குடிக்கிறது, கிரிவலத்துக்கு வருகிற லட்சக்கணக்கான பேரும் குடிக்கிறார்கள். குடிநீருக்கு என்று அடியில் ஒரு பங்கை விட்டுவைத்தால் அதிலேயே மீனும் பிழைத்துக்கொள்ளும், முதலைக் குட்டைக்கும் கிடைக்கும். பூங்காவுக்கு என்று தனியாக ஓர் அடி நிறுத்தத் தேவையில்லை.

இந்த இழுபறியின் சின்ன வடிவம் எங்கள் பக்கத்து ஏரிகளில் ஆண்டுதோறும் நடக்கிறது. மீன் ஏலம் எடுத்தவர் மீன் வளரும்வரை மதகைத் திறக்கவிடமாட்டார். வளர்ந்ததும் சீக்கிரம் வடிந்தால் தேவலை என்று பார்ப்பார். வயல்காரருக்கு இரண்டும் ஆகாது, அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குனி வரை வேண்டும். நான் பார்த்த ஓர் ஊரில் ஏலம் விடும்போதே 'இந்தக் கல் வரைக்கும் தண்ணீர் வயலுக்கு, அதற்குக் கீழே மீனுக்கு' என்று மதகுக் கல்லில் சுண்ணாம்பு பூசிவிட்டார்கள். ஏலத்தொகை கொஞ்சம் குறைந்தது, சண்டை நின்றது. சாத்தனூருக்குச் சுண்ணாம்பு பூச ஆளில்லை.

தேசிய நீர்க் கொள்கையை 1987-இல் எழுதினார்கள், 2002-இல் திருத்தினார்கள். இரண்டிலும் வரிசை ஒன்றாகவே இருந்தது: குடிநீர், பாசனம், அதற்குப் பிறகு நீர்மின்சாரம். சுற்றுலாவுக்குத் தனி இடமே இருக்கவில்லை, கடைசியில் வந்த 'பிற'வில் அடக்கம். அந்த வரிசையில் குழப்பமில்லை. பாசனம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை பேர் இருக்கிறோம் என்பதை அது சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நான் பிறந்த வீடு திருக்கோவிலூர் அணைக்கட்டுக்குக் கீழே, பழைய ஆயக்கட்டில். அணை வருவதற்கு முந்திய காலத்திலிருந்தே ஆற்றுத் தண்ணீர் குடித்த நிலம். கோடையில் அணையிலிருந்து ஆற்றில் தண்ணீர் விடுவார்கள். இடது, வலது கால்வாய்க்காரர்களுக்கு அது பிடிக்காது. 'ஆற்றில் விட்டால் பாதி மணலே குடித்துவிடும், எங்களுக்கு விட்டால் பயிர் குடிக்கும்' என்பார்கள். ஒரு வகையில் சரி. ஆனால் ஆற்று மணல் குடித்த தண்ணீரும் எங்கேயும் ஓடிப்போவதில்லை, கரையோர ஊர்களின் குடிநீர்க் கிணற்றிலும் போரிலும் ஊறுகிறது. என் தம்பி இன்னும் அங்கே பயிர் வைக்கிறான். ஒரு கோடையில் போன் செய்து, "அக்கா, தண்ணி வந்துடுச்சி, ஆனா வாய்க்கால்ல ஏறல" என்றான். ஆற்றிலே மணல் அள்ளி அள்ளிப் படுகை தாழ்ந்துபோய்விட்டது. வாய்க்கால் தலைப்பு மேலே நிற்கிறது, தண்ணீர் கீழே ஓடுகிறது. ஆவணத்தில் பழைய ஆயக்கட்டுக்குத் தண்ணீர் விட்டாயிற்று. தம்பி வயலில் வெடிப்பு அப்படியே இருந்தது.

இதற்குள் மாவட்ட எல்லை வேறு. அணை திருவண்ணாமலை மாவட்டம். திருக்கோவிலூர் 2019-க்கு முன்பு எங்கள் விழுப்புரம், இப்போது கள்ளக்குறிச்சி. அதற்குக் கீழே எல்லீஸ்சத்திரம் அணைக்கட்டு விழுப்புரத்தில். இன்னும் கீழே சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து புதுச்சேரியின் பாகூர் ஏரிக்கு வாய்க்கால் போகிறது. கடைசியில் கடலூர். ஒரே ஆறு, எத்தனை ஆட்சியர்கள்! மேலே கிருஷ்ணகிரி அணை, கெலவரப்பள்ளி அணை, அதற்கும் மேலே கர்நாடகத்தில் மார்க்கண்டேய நதியில் யார்கோள் அணை. அதைத் தடுக்கக் கோரிய தமிழ்நாட்டின் மனுவை உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தள்ளுபடி செய்தது. மேலேயிருந்து என்ன வரும் என்பது நம் கையில் இல்லை. வந்ததைப் பங்கு போடுவது நம் கையில்தான் இருக்கிறது.

புகுந்த வீடு கெடார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகிற வழியில், பெண்ணையாற்றுக்கு வடக்கே. இந்தப் பக்கத்துக்கு மழையும் ஏரியும் போரும்தான் துணை. எங்களுக்கு வடக்கே நந்தன் கால்வாய் இருக்கிறது. துரிஞ்சலாற்றில் கீரனூர் அணைக்கட்டிலிருந்து பிரிந்து பனமலை ஏரி வரை வந்து 36 ஏரிகளை நிரப்பவேண்டிய கால்வாய். வெட்டியது பல்லவர் காலம் என்று வழக்கு. துரிஞ்சலில் வெள்ளம் வந்தால்தான் அதில் தண்ணீர். சாத்தனூர் அணையிலிருந்து நந்தனுக்கு இணைப்பு வேண்டும் என்பது இந்த வட்டாரத்தின் பல ஆண்டுக் கோரிக்கை, தேர்தலுக்குத் தேர்தல் மேடையேறும்.

என் வீட்டுக்காரரின் அண்ணன் கேட்டார்: "ஏம்மா, நீதான் பேப்பருக்கெல்லாம் எழுதறியே, அணைத் தண்ணியில நமக்கும் ஒரு பங்கு குடுன்னு எழுதக் கூடாதா?"

"எழுதறேன் மாமா. ஆனா கோடைத் தண்ணியில கேட்டு எழுதமாட்டேன்" என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

காரணம் மேலே சொன்ன வகுத்தல்தான். ஐம்பதாயிரம் ஏக்கருக்கே நெல்லுக்குப் போதாத அணையில் நாங்களும் கை நீட்டினால், ஆளுக்குக் கிடைப்பது இன்னும் சுருங்கும். அதில் ஒன்றும் விளையாது. 2016-ஐ நினைத்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது, 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அப்படியோர் ஆண்டில் நந்தன் இணைப்பு இருந்திருந்தாலும் அதில் விட என்ன இருந்திருக்கும்? எங்கள் பங்கை நாங்கள் வெள்ளத்தில் கேட்கிறோம். அதை உறுதியாகக் கேட்கிறோம்.

வெள்ளக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 2 அதிகாலையில், சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி திறந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு 605 மில்லியன் கன அடி. அந்த வேகத்தில் பன்னிரண்டு மணி நேரம் போனால் ஒரு முழு அணை போய்விடும். ஐந்து முறை எச்சரிக்கை விட்டோம் என்றது அரசு, எச்சரிக்கையே இல்லை என்றன எதிர்க்கட்சிகள். திறந்து மூன்று மாதமே ஆன அகரம்பள்ளிப்பட்டு – தொண்டமானூர் பாலம் அடித்துக்கொண்டு போனது. அரகண்டநல்லூரிலும் பெண்ணைக் கரை ஊர்களிலும் வீட்டுக்குள் சேறு.

'முன்கூட்டியே அணையைக் கொஞ்சம் காலி செய்து வைத்திருக்கலாமே' என்று அப்போது எல்லோரும் கேட்டோம். நானும் கேட்டேன். அப்படிச் செய்து, மழை பொய்த்துப்போயிருந்தால் ஏப்ரலில் அதே வாய்கள் 'தண்ணீரைக் கடலுக்கு விட்டுவிட்டார்கள்' என்று கத்தியிருக்கும். அணையைப் பார்த்துக்கொள்கிற பொறியாளர் ஐப்பசியிலேயே சித்திரையை நினைத்துப் பயப்படுகிறார். வெள்ளத்துக்கு இடம் விடுவதும் வறட்சிக்குத் தண்ணீர் சேர்ப்பதும் ஒரே அணைக்குள் நடக்கவேண்டிய வேலை. அணையின் கொள்ளளவைக் கூட்ட முடியாது. அதற்கு வெளியே ஓர் இடம் வேண்டும்.

அந்த இடம் ஏற்கெனவே இருக்கிறது, ஏரிகளாக. சாத்தனூர் கால்வாய்களின் கீழே வரிசையாக ஏரிகள், நந்தனில் 36, பெண்ணையின் வாய்க்கால்களில் இன்னும் பல. அக்டோபர், நவம்பரில் அணைக்கு வரத்து ஏறத் தொடங்கியதுமே கால்வாய்களில் முழு அளவு விட்டு இந்த ஏரிகளை நிரப்பிக்கொண்டால், அணையில் வெள்ளத்துக்கு இடமும் கிடைக்கும், தண்ணீரும் ஊரை விட்டுப் போகாது. மழை பொய்த்தாலும் நஷ்டமில்லை, அந்தத் தண்ணீர் ஏரியிலும் கிணற்றிலும்தானே நிற்கிறது. 1,68,000 கன அடி வருகிற இரவில் எந்தக் கால்வாயும் எதையும் செய்துவிடாது, அந்தக் கனவு எனக்கு இல்லை. அதற்கு முந்திய நாற்பது, ஐம்பது நாளில் அமைதியாக ஓடவேண்டிய சில நூறு கன அடியைப் பற்றிச் சொல்கிறேன். நந்தன் இணைப்பின் பலனும் அந்த நாட்களில்தான். கோடையில் அது பூட்டிக் கிடக்கட்டும்.

இதற்கு வரத்து வாய்க்கால் வேண்டும். வாய்க்கால் தூர் எடுப்பதில் திறப்பு விழா கிடையாது, கல்வெட்டு கிடையாது. தளவானூரில் பெண்ணையின் குறுக்கே 25 கோடி ரூபாயில் தடுப்பணை கட்டினார்கள். கட்டி முடித்த சில மாதத்தில், 2021 ஜனவரியில், கரையோரச் சுவர் உடைந்தது. அந்த ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் மிச்சமிருந்ததை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதே வெள்ளம் எல்லீஸ்சத்திரம் அணைக்கட்டையும் உடைத்தது. அந்த 25 கோடியில் எத்தனை மைல் வாய்க்காலைத் தூர் வாரியிருக்கலாம் என்று வகுத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

பற்றாக்குறை ஆண்டுக்குத் திரும்புகிறேன். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு தென்மேற்குப் பருவம் வரும்வரை அணைக்குப் பெரிதாக வரத்து இராது. ஆகவே ஜனவரி முதல் வாரத்தில் அணையில் என்ன இருக்கிறதோ அதுதான் கோடை முழுவதற்கும் சொத்து. அன்றைக்கே கணக்கு முடிந்துவிடுகிறது. அறிவிப்பு மட்டும் தாமதமாக வருகிறது. அரசாணை வந்து, அமைச்சரோ ஆட்சியரோ பூத்தூவி, ஷட்டர் ஏறுகிற நாளில்தான் தலைமடைக்காரருக்கே தெரிகிறது. அதற்குள் அவர் நெல் நாற்று விட்டிருப்பார், வேறென்ன செய்வார்? தண்ணீர் வருமோ வராதோ என்றிருப்பவர் பழகிய பயிரைத்தான் வைப்பார். அவர் நெல் வைத்துவிட்டால், கீழே உளுந்து போட்டவருக்கு வரவேண்டியதும் மேலேயே நின்றுவிடும். முறைப்பாசனம் என்று காகிதத்தில் இருக்கும், மதகு பார்க்கிற லஸ்கர் ஒருவர் இரண்டு பேர் வேலையைப் பார்த்துக்கொண்டு சைக்கிளில் ஓடுவார், இரவில் யாரோ மடையில் கல்லைப் போடுவார்கள். ஒரு போகத்தில் கடைமடையில் முதலில் ஆரம்பித்துத் தலைமடைக்கு ஏறி வந்தால் பாதிச் சண்டை குறையும். தலைமடைக்காரர் எதிர்ப்பார். தண்ணீர் அவர் வயலைத் தாண்டித்தான் போகவேண்டும், அவர் ஒத்துக்கொள்ளாமல் போகாது. அவரை ஒத்துக்கொள்ள வைப்பதற்கும் கையில் ஒரு கணக்கு வேண்டும்.

நான் கேட்பது அந்த ஓர் எண்தான். மில்லியன் கன அடியில் வேண்டாம், ஏக்கருக்கு எத்தனை அடி என்று சொல்லுங்கள். குடிநீருக்கும் மீனுக்கும் இவ்வளவு நிறுத்தினோம், ஆவிக்கும் கசிவுக்கும் இவ்வளவு தள்ளினோம், இடதுபுறத்துக்கு ஏக்கருக்கு இவ்வளவு, வலதுபுறத்துக்கு இவ்வளவு, பழைய ஆயக்கட்டுக்கு இவ்வளவு, அதுவும் ஆற்றில் விட்டது அல்ல, வாய்க்கால் தலைப்பில் ஏறியது. மூன்றடியோடு கிணறும் கைகொடுக்கும் என்றால் நெல், இரண்டடி என்றால் மல்லாட்டை, ஓரடி என்றால் உளுந்து. உளுந்துக்கு விதையும் கொள்முதலும் அப்போதே ஏற்பாடாகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த அறிவுரையை யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கவும் தேவையில்லை.

ஜனவரியிலேயே எப்படி உறுதியாகச் சொல்வது, கோடை மழை வந்தால் கணக்கு மாறாதா என்று அதிகாரிகள் தயங்குவார்கள். கோடை மழை வந்தால் கூடத்தான் போகும், அந்தத் தப்புக்காக யாரும் மறியல் செய்யப்போவதில்லை. அறிவிக்க மேடையும் தயாராக இருக்கிறது. ஜனவரி 26 அன்று தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. சாத்தனூர் தண்ணீர் போகிற ஒவ்வொரு ஊராட்சியிலும் வரவு செலவைப் படிக்கும்போது இந்த ஓர் எண்ணையும் சேர்த்துப் படித்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அலுவலகச் சுவரில் ஒட்டலாம். மாவட்டம் மூன்றானாலும் எண் ஒன்றாகவே இருக்கும். மார்ச்சில் தலைமடையில் யாராவது நெல் நட்டால், கீழே இருப்பவர் அந்தச் சுவரைக் காட்டிக் கேட்கலாம். மின்நிலையத்திலிருந்தோ பூங்காவிலிருந்தோ தனிக் கோரிக்கை வந்தாலும் அதே சுவரைக் காட்டலாம்.